கேட்டலின் இரு நெறிகள்: மருத்துவ ஆய்வில் நேர்முக வினாவலும் தொலைவினாவலும்

தமிழில் ‘கேள்’ என்னும் வினைப்பகுதி இருபொருள் தருவது. ஒருவரை வினாவுதலும் கேட்டல். அவர் கூறும் விடையைச் செவியால் ஏற்றலும் கேட்டல். ‘கேள்வி’ என்னும் பெயரும் அவ்வாறே வினாவையும் குறிக்கும், செவிவழிப் பெறும் அறிவையும் குறிக்கும். திருவள்ளுவர் நாற்பத்திரண்டாம் அதிகாரத்திற்குக் ‘கேள்வி’ எனப் பெயரிட்டது பின்னைய பொருளிலேயாம். வினாவுதலும் செவிகொடுத்தலும் ஒரே செயலின் இரு பாதிகள் என்பதனை நம் மொழி ஒரு சொல்லிலேயே அடக்கி வைத்திருக்கின்றது. இவ்வுண்மை, இந்நாளில் மருத்துவ ஆய்வாளர் பெரிதும் ஆராயும் ஒரு பொருளுக்கு நல்லதொரு வாயிலாக அமைகின்றது. நோயாளியை நேரிற் கண்டு வினாவுதல் சிறந்ததா? தொலைபேசி வாயிலாகவோ காணொளி வாயிலாகவோ தொலைவிலிருந்து வினாவினும் அதே விடை கிடைக்குமா? இதுவே அப்பொருள்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் உரிமை யாது என வினவுவார் இருக்கலாம். வினா என்பது சொல்லால் ஆயது. சொல் பிழைபடின் விடை பிழைபடும். விடை பிழைபடின் ஆய்வு பிழைபடும். நம் கல்லூரியிற் பயின்றோருள் வைத்தியர், தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆயினோர் உளர். இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர் சிலர் நாளை வினாத்தாள் ஏந்தித் தோட்டந்தோறும் செல்லக்கூடும். ஏனையோர் என்றேனும் ஒருநாள் வினாவப்படுவோர் ஆவர். ஆதலின் இவ்விரு நெறிகளையும் அறிந்து வைத்தல் எல்லார்க்கும் பயனுடைத்து.

வினா ஓர் அளவுகோல்

குருதியின் சர்க்கரையைக் கருவி அளக்கும். உடலின் வெப்பத்தை வெப்பமானி அளக்கும். ஆயின், நோவு எத்தகையது, உறக்கம் ஏன் வரவில்லை, வாழ்வில் வெறுப்புத் தோன்றியதுண்டா என்பவற்றை அளக்கும் கருவி நோயாளியின் சொல்லன்றிப் பிறிதில்லை. வினாவும் ஓர் அளவுகோலாயின், ஒரூரில் ஒரு நீளமும் மற்றோரூரில் வேறொரு நீளமுமாக அக்கோல் இருத்தலாகாது.

இவ்வெண்ணமே உலகச் சுகாதார நிறுவனம் 1966ஆம் ஆண்டளவில் தொடங்கிய மனப்பிளவு நோய் பற்றிய பன்னாட்டு ஆய்வுக்கு அடிப்படையாயிற்று. ஒன்பது நாடுகளில் 1,200க்கு மேற்பட்ட நோயாளர் அதில் வினாவப்பட்டனர். இந்தியாவின் ஆக்ராவும், இலண்டனும், மொஸ்கோவும், நைஜீரியாவின் இபதானும் அவ்வாய்வின் நிலையங்களுட் சில. பிரித்தானிய அறிஞர் ஜோன் விங் முதலியோர் அமைத்த ஒழுங்கான வினாமுறை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, பயிற்சி பெற்ற வைத்தியரால் நேர்முகமாகக் கையாளப்பட்டது. அக்காலத்தே நேரிற் கேட்டலே நெறியென எண்ணப்பட்டது.

நேரிற் கேட்டலின் வலிமை

நேர்முக வினாவலின் ஆற்றலைக் காட்டும் சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னையில் 1995 முதல் 1997 வரை இறந்த வளர்ந்தோருள் 48,000 பேரின் இறப்புக் காரணத்தை மருத்துவர் கஜலட்சுமி, ஒக்ஸ்பேட் பேராசிரியர் றிச்சர்ட் பீற்றோ முதலியோர் ஆராய்ந்தனர். இறப்புப் பதிவேடுகளிற் பலவற்றில் காரணம் தெளிவாக எழுதப்படவில்லை. ஆதலின் மருத்துவர் அல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சியளித்து, இறந்தவரின் வீட்டுக்கே அனுப்பினர். அவர்கள் உறவினருடன் அமர்ந்து, இறுதி நோயின் வரலாற்றைக் கேட்டு, அதனைத் தமிழில் அரைப்பக்க அளவில் எழுதினர். மருத்துவர் அதனைப் படித்துக் காரணத்தைத் துணிந்தனர். 25 முதல் 69 வயது வரையானோருள், முன்பு நூற்றுக்கு 37 ஆக இருந்த, காரணம் தெளியப்படாத இறப்புகள், இவ்வாய்வின்பின் நூற்றுக்கு 7 ஆகக் குறைந்தன. பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இம்முறை நடைபெற, மொத்தம் 80,000 இறப்புகள் ஆராயப்பட்டன.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. துயருற்ற இல்லத்தில் அமர்ந்து கேட்பவர் விடையை மட்டும் கேட்பதில்லை. தாய் மறந்ததை மகள் எடுத்துக் கூறுவாள். மருந்துச் சீட்டைப் பெட்டியிலிருந்து ஒருவர் எடுத்து வருவார். அழுகை அடங்கும்வரை காத்திருக்கலாம். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. எழுபத்தொன்றாவது ஒன்று, நூற்றுப்பத்தாவது மற்றொன்று. அரசியலுக்கும் காதலுக்கும் ஒருங்கே வேண்டப்பட்ட அக்கலை நோயறிதற்கும் வேண்டற்பாலதே. முகம் காண்பார்க்கே அது முழுமையாக வாய்க்கும்.

தொலைவிற் கேட்டலின் வரவு

தொலைவினாவல் புதிதாகத் தோன்றியதன்று. முதியோரின் நினைவாற்றலை அளத்தற்கு 1975இல் வெளியான சிறு மனநிலைத் தேர்வு மிகவும் பரவியது. அதன் நிறைபுள்ளி 30. ஆனால், வரைந்து காட்டலும் எழுதிக் காட்டலும் அதில் உள்ளமையின் அதனைத் தொலைபேசியில் அவ்வாறே நடத்தல் இயலாது. ஆதலின் பிறான்ட், ஸ்பென்சர், வோல்ஸ்ரீன் என்போர் 1988இல் செவியால் மட்டும் நடத்தத்தக்க வேறொரு தேர்வை 41 புள்ளிகளுடன் அமைத்தனர். நேர்முக வினாத்தாளை அப்படியே தொலைபேசியிற் படித்தல் தொலைவினாவல் ஆகாது; அதற்கேற்ப வினாவையும் மாற்றி அமைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

தமிழ்நாட்டில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் 2010ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடத்திய பணி இரு நெறிகளுக்கும் இடைப்பட்டது. ஒரு பேருந்து ஊர்தோறும் செல்லும். அதனுள் நோயாளி அமர்வார். சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் திரையில் தோன்றி வினாவுவார். மருந்து பேருந்திலேயே வழங்கப்படும். தொலைவிலிருந்து கேட்பவர் ஒருவர், அருகிலிருந்து துணைசெய்பவர் மற்றொருவர் என்னும் இவ்வமைப்பு மலைநாட்டிற்கும் பொருந்துவது என்பதனைப் பின்னர்க் கூறுவோம்.

கொவிட் பெருந்தொற்று வந்தபோது தெரிவுக்கு இடமில்லாதாயிற்று. இலங்கை முழுவதும் 2020 மார்ச் 20ஆம் நாள் ஊரடங்கு விதிக்கப்பட்டது. வீடுகளின் கதவு அடைபட்டமையின் ஆய்வாளர் தொலைபேசியையே நாடினர். இந்தியாவில், நேர்முக வினாவலால் பத்து இலட்சம் இறப்புகளை ஆராயும் பேராய்வை நடத்திய பிரபாத் ஜா என்பாரே, இக்காலத்தில் ஏறத்தாழ 1,37,000 பேரைத் தொலைபேசியில் வினாவிய ஒரு கணிப்பையும் வேறு பதிவுகளையும் கொண்டு, 2020 யூன் முதல் 2021 யூலை வரை கொவிட்டால் இறந்தோர் ஏறத்தாழ 32 இலட்சம் என மதிப்பிட்டார். அரசு அறிவித்த தொகையினும் அஃது ஆறேழு மடங்காகும். அம்முடிவு 2022இல் வெளியாயிற்று. நேரிற் செல்ல இயலாத காலத்தே தொலைவினாவல் இன்றேல் அக்கணக்கு அப்போது கிடைத்திராது. ஆகவே தொலைவினாவலை இழிந்ததெனத் தள்ளல் தகாது.

ஒப்பிடும் முறை

இரு நெறிகளும் ஒரே விடையைத் தருகின்றனவா என அறிவது எங்ஙனம்? ஒரே மக்களை இருமுறையும் வினாவுதல் வேண்டும். பாதிப் பேரை முதலில் நேரிலும் பின்னர்த் தொலைபேசியிலும், மறுபாதியினரை முதலில் தொலைபேசியிலும் பின்னர் நேரிலும் வினாவ வேண்டும். எவர் எப்பாதியினர் என்பதைச் சீட்டுக் குலுக்கலே தீர்மானிக்க வேண்டும். இரண்டாவதாக வினாவுபவர் முதல் விடைகளை அறியலாகாது. இடைப்பட்ட நாட்களும் அளவாக இருத்தல் வேண்டும். மிகக் குறுகின், தாம் முன்பு கூறியதையே நினைவிற்கொண்டு கூறுவர்; மிக நீளின், நோயே மாறிவிடும்.

விளக்கத்தின்பொருட்டு நாமே எண்களை அமைத்துக்கொள்வோம். 100 பேரிடம் ‘உறக்கமின்மை உண்டா?’ என வினாவினோம் எனக் கொள்க. இரு முறையிலும் ‘உண்டு’ என்றோர் 22 பேர். இரு முறையிலும் ‘இல்லை’ என்றோர் 64 பேர். நேரில் ‘உண்டு’ என்று தொலைபேசியில் ‘இல்லை’ என்றோர் 8 பேர். தொலைபேசியில் ‘உண்டு’ என்று நேரில் ‘இல்லை’ என்றோர் 6 பேர். விடை ஒத்தவர் 86 பேர். நன்றெனத் தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விடையளிப்பினும் சில விடைகள் தற்செயலாக ஒத்துவிடும் அன்றோ? நேரில் ‘உண்டு’ என்றோர் 30, தொலைபேசியில் ‘உண்டு’ என்றோர் 28. ஆகவே தற்செயலாக ‘உண்டு’ என ஒத்தல் 100க்கு 8.4, ‘இல்லை’ என ஒத்தல் 70இன் பங்கையும் 72இன் பங்கையும் பெருக்க 100க்கு 50.4, இரண்டும் கூட 58.8. தற்செயலை மீறிக் கிடைத்த ஒப்பு 86இல் 58.8 போக 27.2. கிடைத்திருக்கக்கூடிய மிகப்பெரிய மிகுதி 100இல் 58.8 போக 41.2. முன்னதைப் பின்னதால் வகுக்க வருவது 0.66. இதுவே ஜேக்கப் கோகென் 1960இல் வகுத்த ‘கப்பா’ என்னும் உடன்பாட்டளவை. 0.61க்கும் 0.80க்கும் இடைப்பட்டதை வலுவான உடன்பாடு என லாண்டிஸ், கொக் என்போர் 1977இல் வகைசெய்தனர்.

இக்கணக்கில் மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஊரில் எத்தனை பேருக்கு உறக்கமின்மை உண்டு என்பது மட்டுமே வேண்டுமாயின், 30க்கும் 28க்கும் வேற்றுமை பெரிதன்று; தொலைபேசியே போதும். ஆயின், அந்த எட்டுப் பேருள் ஒருவர் மருந்து வேண்டி நிற்பவராயின் அவரளவில் தொலைபேசி தோற்றுவிட்டது. தொகையை அறிய வினாவுதல் வேறு, ஆளை அறிய வினாவுதல் வேறு. மேலும், இரண்டு விடைகள் ஒத்தமையால் அவை உண்மையாகிவிடா. பத்து நிமிடம் பிந்தி ஓடும் இரண்டு மணிக்கூடுகளும் தம்முள் ஒத்தே இருக்கும்.

ஆய்வாளர் கண்டவை

அமெரிக்காவில் றோட், லூவின்சன், சீலி என்போர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, இளைஞரின் பெருஞ்சோர்வு, பதகளிப்பு ஆகியவற்றைக் கண்டறிவதில் தொலைபேசியும் நேர்முகமும் நன்கு ஒத்தன என்று காட்டிற்று. மறுபுறம், ஒல்புறூக், கிறீன், குறொஸ்னிக் என்போர் 2003இல் பெரிய கருத்துக் கணிப்புகளை ஒப்பிட்டபோது, தொலைபேசியில் விடையளித்தோர் ஆழ எண்ணாமல் விடைகூறலும், வினாவுவோரை ஐயுறலும், தம்மை நல்லவராகக் காட்டலும் மிகுதியெனக் கண்டனர். இவ்விரண்டும் முரண்படுவன அல்ல. பயிற்சி பெற்ற ஒருவர் அமைதியாக ஒரு நோயை வினாவுதல் ஒன்று. அறிமுகமில்லாக் குரல் ஒன்று நீண்ட வினாத்தாளை விரைந்து படித்தல் மற்றொன்று.

முகம் காணாமையே நன்மையாதலும் உண்டு. 1998இல் ரேணர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 19 வயது வரையான ஆண்பிள்ளைகள், தாளில் எழுதி விடையளித்தபோது கூறாத மறைபொருள்களைக் காதில் ஒலிக்கும் வினாவைக் கேட்டுத் தாமே கணினியில் விடை அழுத்தியபோது பன்மடங்கு மிகுதியாகக் கூறினர். நாணம் தரும் செய்தியில் மனிதமுகம் தடையாகவும், துயரம் தரும் செய்தியில் அதே முகம் துணையாகவும் அமைகின்றது.

விடுபட்டோர் யார்?

1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன்பு ‘லிற்றறரி டைஜஸ்ற்’ என்னும் இதழ், தொலைபேசிப் பெயரேடு, மோட்டார் வண்டிப் பதிவேடு முதலியவற்றிலிருந்து பெயர்களை எடுத்து ஒரு கோடிக் கணிப்புச் சீட்டுகளை அனுப்பிற்று. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. றூஸ்வெல்ற் தோற்பார் என்றது கணிப்பு. அவரோ பெருவெற்றி எய்தினார். தொலைபேசி இல்லாத ஏழை மக்கள் அக்கணிப்பிற் போதிய அளவில் இடம்பெறவில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பாதோர் எண்ணமும் தெரியவில்லை. விடைகளின் தொகை பெரிதாதலால் விடுபட்டோரின் குறை நீங்கிவிடாது.

இதனை நம் மாவட்டத்திற்கு இயைத்து நோக்குவோம். மாத்தளை நகரிலும் உக்குவளையிலும் வாழ்வோர்க்குத் தொலைபேசி எளிது. இறத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் மேலே நக்கிள்ஸ் மலைச்சாரலில் மடிப்புக்கு மடிப்பு அலைவரிசை மறையும். ஒரு குடும்பத்திற்கு ஒரு கைப்பேசியாயின், அது வேலைக்குச் செல்லும் மகனின் பையில் இருக்கும். லயத்தில் இருக்கும் பாட்டிக்கு அழைப்பு எட்டாது. எட்டினும் காது மந்தமாயின், நினைவாற்றல் தேர்விற் புள்ளி குறையும். குறைந்தது நினைவாலன்று, செவியால். மறதிநோயை ஆராய்ந்த 10/66 என்னும் பன்னாட்டுக் குழுவினர் சென்னையிலும் வேலூரிலும் வீடுவீடாகச் சென்று, முதியவரை வினாவியதோடு அவரை நன்கறிந்த உறவினரையும் வினாவினர். எழுத்தறியா முதியோரைத் தேர்வுப்புள்ளி ஒன்றாலேயே மறதிநோயர் எனத் துணியாமைக்கு அவ்வழி உதவிற்று.

அச்சமும் மறைவும்

நேரிற் செல்வதாலேயே உண்மை வெளிப்படும் என்பதும் இல்லை. லய அறைகளின் சுவர் மெல்லிது; ஓர் அறையிற் பேசுவது மறு அறையிற் கேட்கும். தோட்ட அலுவலர் ஒருவர் உடன்வரின், ‘ஆமாங்க ஐயா’ என்னும் விடையே மிகும். அன்றியும், பெயர், பிறந்த ஊர், தந்தையின் ஊர் என்று தாளேந்தி வந்தோர் வினாவிய வினாக்கள் மலையகத் தமிழர்க்கு ஒருகாலத்தில் வாழ்வையே மாற்றிய வினாக்களாயின. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பின்னரும் நாடற்றோராக எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வழிதிறந்தது. ஆதலின் அந்நியர் ஒருவர் வினாத்தாளுடன் வாயிலில் நிற்கும்போது ஒரு மூதாட்டி வாய்திறவாதிருப்பின், அதனை அறியாமை எனல் ஆகாது. அறிமுகமில்லாத் தொலைபேசிக் குரலுக்கு அவ்வையம் இரட்டிக்கும்.

மறைவு பெண்கட்கு உயிர்க்காப்பும் ஆகும். இலங்கைக் குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், பயிற்சி பெற்ற பெண்கள் நேரிற் சென்று தனிமையில் வினாவினர். வாழ்க்கைத்துணை உடைய, அல்லது முன்பு உடையராயிருந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அத்துணையின் உடல்வழி அல்லது பாலியல் வன்முறைக்கு உட்பட்டவர் என அறியப்பட்டது. நேரிற் செல்பவர் கணவன் உள்ளே வரின் பேச்சை வேறு பொருளுக்கு மாற்றலாம். தொலைபேசியில் அவன் அருகே நிற்பது தெரியாது. அங்ஙனம் வினாவியே ஆகவேண்டின், ‘ஆம்’, ‘இல்லை’ என்பனவற்றால் மட்டும் விடையளிக்கத்தக்கதாக வினாவை அமைத்தலும், பேச்சை முறிக்க ஒரு சொல்லை முன்னரே குறித்துக்கொள்ளலும் வேண்டும்.

சொல்லின் பொறுப்பு

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது வினாத்தாள் 2001இல் வெளியாகி இன்று உலகெங்கும் வழங்குகின்றது. கடந்த இரு வாரங்களைப் பற்றிய வினாக்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், புள்ளி 0 முதல் 3 வரை, நிறைபுள்ளி 27. நேரில் நான்கு விடைகளையும் அட்டையிற் காட்டலாம். தொலைபேசியில் அவற்றைச் செவியாற் கேட்டு நினைவில் வைத்தல் வேண்டும். இறுதியிற் கேட்டதே நாவில் நிற்கும்.

‘ஆர்வக்குறைவு ஏற்பட்டதா?’ என நூல்நடையில் வினாவின், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது புலப்படாது. அவள் ‘நெஞ்சு பாரமா இருக்குங்க’ என்பாள். ‘கைகால் ஓடலைங்க’ என்பாள். அச்சொற்களே அவள் நோயின் பெயர்கள். யாழ்ப்பாணத்துத் தமிழில் எழுதிய வினாவும் சென்னைத் தமிழில் எழுதிய வினாவும் எல்கடுவையில் அவ்வாறே செல்லா. நேரில் முகச்சுளிப்பைக் கண்டு வினாவை விளக்கலாம்; தொலைபேசியில் மௌனம் மட்டுமே கேட்கும். அது புரியாமையா, துயரமா, அலைவரிசைக் குறையா என அறிதல் அரிது. ஆதலின் தொலைவினாவலுக்கு எழுதும் தமிழ் நேர்முகத்தினும் எளிதாகவும் குறுகியதாகவும், அவ்வூரார் வாயில் வழங்குவதாகவும் இருத்தல் வேண்டும்.

முடிபு

நேரிற் கேட்டல் முகத்தையும் இல்லத்தையும் காட்டும். ஆனால் பொருளும் காலமும் மிக வேண்டும். தொலைவிற் கேட்டல் விரைவும் பரப்பும் உடையது. ஆனால் எட்டாதோரையும் பேச இயலாதோரையும் மறைத்துவிடும். ஒன்றை மற்றொன்றின் பகையாக வைத்தல் வேண்டா. முதற் சந்திப்பை நேரிலும் தொடர்விசாரணையைத் தொலைபேசியிலும் நடத்தலாம். தொலைபேசி எட்டாதோரிடம் ஆளை அனுப்பலாம். புதுக்கோட்டைப் பேருந்தைப்போல், அருகில் ஒரு துணையும் தொலைவில் ஒரு வல்லுநருமாக அமையலாம். எம்முறையைக் கையாண்டனர் என்பதையும், எத்தனை பேர் விடுபட்டனர் என்பதையும் ஆய்வுரையில் ஒளியாது எழுதுதல் கடமை.

வினாவப்படும் மாணவர்க்கும் ஒரு சொல். யார் வினாவுகின்றார், எந்நிறுவனம், விடை எங்கே வைக்கப்படும், மறுக்கலாமா என்பவற்றை முதலில் நீங்களே வினாவுங்கள். இவற்றிற்கு விடைதராதவர்க்கு விடையளிக்க வேண்டுவதில்லை.

நம் நகருக்கு அணித்தான அலுவிகாரையிலே, வாய்மொழியாகச் செவிவழிப் பேணப்பட்டு வந்த பௌத்த மறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது வரலாற்று மரபு. கேட்டதைப் பிழையின்றி எழுதுதல் அத்துணைப் பெரும்பணியாக இம்மண்ணிற் கருதப்பட்டது. இன்று மலைச்சாரலில் ஒரு மூதாட்டி தன் நோயைக் கூறும்போது, அதனை ஏட்டிலோ கணினியிலோ எழுதுவோர்க்கும் அதே பொறுப்பு உண்டு. அவள் சொல் தவறாக எழுதப்படின், அவள் நோய் எண்ணப்படாது; எண்ணப்படாத நோய்க்கு மருந்தும் தாதியும் அம்மலைக்கு வருவதில்லை.